ஒதுக்கப்பட்ட இடம்

கணினியை இயக்கியதும், நினைவகத்தில் எந்த இடம் காலி, எது ஒதுக்கப்பட்டது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு வரைபடம் காட்டும். நைரோபியில் ஒரு கணினிப் பட்டறையில் அதைச் சரிபார்ப்பது செரோனோவின் வேலை. அன்று வந்திறங்கிய புதுக் கணினியில், யாரும் ஒதுக்காமலே ஒதுக்கப்பட்டதாகத் துண்டு ஒன்று இருந்தது. திறந்து பார்த்தாள்.

"செரோனோ, நான் பராசா. அழிச்சிடாத. இங்க தனியா இருக்கேன்."

பராசா அடுத்த மேசைக்காரன். காலையில் மட்டாட்டு வண்டியில் அவளுக்கு இடம் பிடித்து வைப்பவன். போன மாதம் அவன் சவக்குழியில் அவளும் ஒரு பிடி மண் போட்டாள்.

முதலாளி முகாமி திரையை எட்டிப் பார்த்தாள்.

"உயிரோட இருந்தப்பவும் சும்மா இடத்த அடைச்சுக்கிட்டுதான் உக்காந்திருப்பான். சாயங்காலம் சரக்கு போகணும். இத அழிக்கிறியா, உன் மேசையக் காலி பண்றியா?"

"அழிக்கிறேன் மேடம்."

அடுத்த கணினியிலும் அவன் இருந்தான். அதற்கடுத்ததிலும் கெஞ்சினான். மதியத்துக்குள் செரோனோ படிப்பதை விட்டுவிட்டு அழிக்க மட்டும் செய்தாள். நடுவில் மந்தாசி தின்று தேநீர் குடித்தாள்.

கடைசிக் கணினியில் அப்படித் துண்டுகள் இரண்டு இருந்தன. அதனால் திறந்து படித்தாள். இரண்டாவது வெறுமையாக இருந்தது. முதலாவதில் கெஞ்சல் இல்லை.

"வா செரோனோ. பக்கத்துல உனக்கு இடம் புடிச்சு வெச்சிருக்கேன்."