இழுத்தடித்த டெய்லர்

"இனி அந்த டெய்லர்கிட்ட யாரும் ஒரு பட்டன்கூட தைக்கக் கொடுக்கக் கூடாது!"

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கியவர் சைக்கிள் கடைக்காரர். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத்தின் செயலாளரான அவர் மனைவியும் தட்டினாள்.

அவளுக்குப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலை. தீவுக்கு வந்துபோகும் படகைச் சங்கமே குத்தகைக்கு எடுக்கலாம் என்று அவள் முதலில் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. இன்று சிரித்தவர்களெல்லாம் அதே படகில்தான் சந்தைக்குப் போகிறார்கள். அடுத்து மீன் உலர்த்தும் கூடம் வந்தது. பிழைக்க வெளியே போயிருந்த ஏழெட்டுக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தன.

இப்போது குளத்துக்கு ஆபத்து.

தீவுக்கே நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேருடைய நிலம். அதன்மேல் ஒரு ஹோட்டல் கம்பெனி கண் வைத்துவிட்டது. அங்கே நாலு மாடி எழும்பி, போர் போட்டு உறிஞ்சினால், இரண்டே கோடையில் குளம் உப்பாகிவிடும்.

'விற்க மாட்டோம், கட்டடம் கட்ட மாட்டோம். பயிர் வைப்பதும் ஆடு மேய்ப்பதும் மட்டும்தான்' என்று பன்னிரண்டு பேரும் ஒரே பத்திரத்தில் எழுதிக் கொடுப்பதாக முடிவாயிற்று. வீடு வீடாக நடந்து பத்துக் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

"நம்மளுது எங்க ஓடிடப் போகுது? முதல்ல ஊர் போடட்டும். வீட்டு ஆளு, கடைசியில போட்டாப் போச்சு" என்றார் கணவர். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

மிச்சமிருந்த இன்னொரு நிலத்துக்காரரான டெய்லர்தான் பிடி கொடுக்கவில்லை. கம்பெனி மேனேஜர் வாரம் தவறாமல் அவர் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"டெய்லரண்ணே, கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"அவசரப்படாதேம்மா." மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

"மேனேஜர் வந்தா நாற்காலி போடறீங்க. நான் வந்தா நிக்க வெச்சே அனுப்பறீங்க."

"நாற்காலி போட்டாத்தானேம்மா அவர் இங்கயே உட்கார்ந்திருப்பார்."

நக்கல் வேறு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகு ஆட்களின் யூனிஃபார்மை அக்கரையில் தைக்கக் கொடுத்தாள். சங்கக் கூட்டத்துக்குப் பிறகு ஊரும் துணி கொடுப்பதை நிறுத்தியது. இரண்டு மாதமாக அந்தக் கடையில் மெஷின் சத்தமே இல்லை. டெய்லர் பழைய பேப்பரையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடந்து போகும்போது அவளுக்கு ஏதோ உறுத்தும். குளத்தை நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுவாள்.

இன்று மதியம் டிக்கெட் ஜன்னலில் டெய்லர் தலை தெரிந்தது.

"எங்கண்ணே, அக்கரைக்கா? கம்பெனிக்குப் பத்திரம் பதியவா?" வேண்டுமென்றே குத்தினாள்.

"உன் பத்திரத்தை எடும்மா. கையெழுத்துப் போடணும்."

அவள் மலைத்துப்போய் எடுத்துக் கொடுத்தாள். நிதானமாகப் படித்து, பதினோராவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

"இதை ரெண்டு மாசம் முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா? ஊரே உங்களைக் கரிச்சுக் கொட்டிடுச்சே!"

"என்னைத்தானே கொட்டுச்சு? குளத்துல எதையும் கொட்டலையே."

"ஏன்னாவது சொல்லிட்டுப் போங்கண்ணே."

"வேண்டாம்மா. என்னையும் கேட்காதே, வேற யாரையும் கேட்காதே."

போய்விட்டார்.

பின்னாலேயே கம்பெனி மேனேஜர் மூன்று பெட்டிகளோடு வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஊருக்குங்களா சார்?"

"ஒரேயடியா. மூணு மாசத்துல நிலம் கைக்கு வரலைன்னா வேற தீவைப் பார்த்துக்கோன்னு மேலிடத்துல கெடு. இன்னையோட முடிஞ்சுது. எல்லாம் அந்த டெய்லர் பண்ண வேலை!"

"அவர் முடியாதுன்னா, வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதானே?"

"முடியாதுன்னு சொன்னாத்தானேம்மா! வாராவாரம் 'தர்றேன், அடுத்த வாரம் வாங்க'. உங்களுது வேண்டாம், இன்னொருத்தர் தயாரா இருக்கார், அங்கயே ஆரம்பிக்கிறோம்னேன். 'என் நிலம் இல்லாம அங்க வண்டி போக வழியே கிடையாது சார், முதல்ல என்னுதை முடிங்க'ன்னு மடக்கிட்டார். நானும் நம்பிட்டேன். இன்னைக்குக் காலைல சர்வேயர் வந்து பார்த்துட்டு, 'வேற வழி தாராளமா இருக்கே'ன்னு சிரிக்கிறார். அந்த இன்னொருத்தர் நிலத்தை அன்னைக்கே எழுதி வாங்கியிருந்தா இந்நேரம் அஸ்திவாரமே முடிஞ்சிருக்கும்."

அவள் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்.

"தயாரா இருந்தது யாரு சார்?"

"முதல் வாரமே வாக்குக் கொடுத்தார். இந்தத் தீவுல நாணயமான ஆள் அவர் ஒருத்தர்தான்." யாரென்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார் மேனேஜர்.

படகு கிளம்பும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்கு நடந்தாள்.

கணவர் பஞ்சர் ஒட்டியபடி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த டெய்லர் ஒருத்தனாலதான் இந்தத் தீவுக்கே கெட்ட பேரு."

அவள் பத்திரத்தை சைக்கிள் சீட்டின்மேல் விரித்துப் பேனாவை நீட்டினாள்.

"டெய்லரண்ணன் போட்டுட்டார். மேனேஜரும் கிளம்பிட்டார். போகும்போது உங்களைத்தான் ரொம்பப் புகழ்ந்துட்டுப் போனார்... ம், போடுங்க!"