மூக்கு ஒன்று, மூக்கு இரண்டு

“ஏம்மா, என் கோப்பையைக் கழுவுறப்போ மூக்குப் பக்கம் அழுத்தித் தேய்க்காதே. அழிஞ்சிடப் போகுது.”

கோப்பைகளில் படம் அச்சடிக்கும் மருமகளின் கடை மூலையில் உட்கார்ந்து மாமனார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் அவள் அந்தக் கோப்பையைத் தந்தது அவருடைய அறுபத்தெட்டாம் பிறந்தநாளுக்கா, எழுபதுக்கா என்பதில் வீட்டில் யாருக்கும் உறுதியில்லை. ஆனால் கல்யாணமான பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் முதல்முறையாக நல்லபடியாகப் பேசியது அன்றுதான் என்பதில் சந்தேகமில்லை. அதற்கு முன் அவர் பேசிய நீளமான வாக்கியம், “உப்பு.”

பழைய பத்திரிகைகளில் அரசர்களைக் கிண்டலாக வரைவார்களே, அதே பாணியில், பெரிய தலை, சின்ன உடம்பு, கிரீடம் எல்லாம் வைத்து அவரை ஓர் ஓவியரிடம் வரையச் சொல்லி வாங்கியிருந்தாள்.

“கன்னத்து மருவைக்கூட மரியாதையா வரையாம விட்டுட்டாங்க பாரு. கண்ணுல என்ன ஒரு கருணை!”

அவள் அருங்காட்சியகத்துக்கான பெட்டியை அப்போதுதான் திறந்திருந்தாள்.

ஒரு பழங்காலப் பேரரசரின் கேலிச்சித்திரத்தை முப்பது கோப்பைகளில் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் மறுபக்கமும் ‘குடிமக்களைக் கசக்கிப் பிழிந்த கொடுங்கோலன்’ என்ற வரி சரியாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் கிரீடம், நீள மூக்கு, வலது கன்னத்தில் மரு. முப்பது மாமனார்!

படங்களுக்குப் பெயர் வைப்பதில் அவளுக்குச் சோம்பல். எது பெரிதாகத் தெரிகிறதோ அதுதான் பெயர்: தொந்தி, மீசை, தாடி. கணினியில் மூக்கு ஒன்று, மூக்கு இரண்டு என்று இருந்தன. ஒரே மூக்கை இரண்டு வேலைக்கும் அச்சடித்துத் தொலைத்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அச்சுத் தாளில் படம் வெளிறித்தான் இருக்கும். கோப்பையில் ஒட்டிச் சூடு ஏறினால்தான் முகமே வரும். பெட்டியில் அடுக்கியவன் கணவன். அவனுக்கு எல்லாக் கோப்பையும் கோப்பைதான்.

மாமனார் பார்த்தால் மறுபடி உப்புதான்.

“மாமா, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்களேன்.”

“காலைல பத்து மணிக்கா?”

“வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாமேன்னு...”

“வெளியில மழை பெய்யுதும்மா.”

அவள் பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அருங்காட்சியகக் காப்பாளர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ராஜா ரெடியா?”

“இன்னும் சூடு ஆறலை சார். நாளைக்கு...”

“நீ உட்கார்ந்திருக்கியே, அந்தப் பெட்டிதானேம்மா?” என்று மாமனார் எழுந்தே வந்துவிட்டார். “தள்ளு, நான் எடுத்துத் தரேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமனார் ஒரு கோப்பையை எடுத்து, கண்ணாடியை மாட்டினார். படத்தைப் பார்த்தார். கோப்பையைத் திருப்பி வரியைப் படித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“பொருத்தமான மூஞ்சி,” என்றார். “திருட்டு முழி. இந்த மருவைப் பாரேன். நல்லவனுக்கு இந்த இடத்துல மரு இருக்குமா?”

சொல்லிக்கொண்டே தன் வலது கன்னத்து மருவைச் சொறிந்துகொண்டார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் காப்பாளர் கோப்பையை வாங்கிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“இது எங்க ராஜா இல்லையேம்மா! இது யாரு?”

கோப்பையைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மாமனாரின் முதுகுக்குப் பின்னால் அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டாள். காப்பாளர் வாயை மூடினார். அப்போதுதான் அவர் பார்வை மாமனாரின் இன்னொரு கைக்கு இறங்கியது.

“ஐயா, அந்தக் கோப்பையில...”

“நான்தான். அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்குன்னு ஊரே சொல்லுது!”

காப்பாளர் தன் பையிலிருந்து அருங்காட்சியகத்தின் பழைய சித்திரத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். கிரீடம், நீள மூக்கு, மருவில்லாத கன்னம், கண் நிறையக் கருணை.

அருங்காட்சியகத்துக்குப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தாள். காப்பாளர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. மருவுள்ள முப்பதில் இருபத்தொன்பது, ‘பெயர் தெரியாத கொடுங்கோலன்’ என்று கடையிலேயே விற்றுத் தீர்ந்தன. மாமனார் இப்போதும் பேரரசர் முகத்தில்தான் தேநீர் குடிக்கிறார், மருமகளிடம் ஓயாமல் பேசுகிறார். முப்பதாவது கோப்பையை அவரே மாமியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்: “தினம் இவன் மூஞ்சியில முழி. அப்பத்தான் உனக்கு வாய்ச்சவன் எவ்வளவு லட்சணம்னு புரியும்!”