நான்தான் மிஸ்

தலைமையாசிரியை ஜானகி தன் போனைத் திருப்பி மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்கம்மா."

ரத்னா கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தி.நகர் ஜவுளிக்கடையில் யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவளை அவசரமாக வரச் சொல்லியிருந்தார்கள். கடை கொடுத்த ஊதாப் புடவையும் கழுத்தில் தொங்கும் பெயர் அட்டையுமாக அப்படியே பஸ் ஏறி சாந்தோமுக்கு வந்திருந்தாள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

மணிமொழி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படம் பின்னாலிருந்து எடுத்தது. கடற்கரை மணலில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. அதன் நிழலில் ஒரு பையன், அவன் தோளில் தலை சாய்த்து ஒரு பெண். முகம் தெரியாது. இரட்டைப் பின்னலும் மெரூன் ரிப்பனும் பள்ளிச் சீருடையும் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை இன்ஸ்டாகிராமில் பெயரில்லாத ஏதோ ஒரு பக்கத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பிளஸ் ஒன் பெண்கள் எல்லோருடைய போனிலும் இருந்தது. அவர்களுடைய அண்ணன்களின் போனிலும்.

யாரென்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. படத்துக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு பெயரை எழுதினார்கள். யாருக்குப் பின்னல் நீளம், யார் எந்த பஸ் ஸ்டாப்பில் யாரோடு நின்றாள் என்று எழுதினார்கள். அதற்கும் கீழே எழுதியிருந்ததை மணிமொழியால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

காலையில் ஜானகி மிஸ் வகுப்புக்கே வந்துவிட்டார். யாரென்று தெரியாவிட்டால் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் படத்தை அனுப்பி, உங்கள் பெண்ணா என்று கேட்கப்போவதாகச் சொன்னார்.

மணிமொழி எழுந்து நின்றாள். நான்தான் மிஸ் என்றாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீலா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. இன்டர்வெல்லில் முன்பெஞ்சுக்காரிகள் தங்கள் தண்ணீர் பாட்டில்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

"பையன் யாருன்னு கேட்டா தெரியாதுங்கிறா," என்றார் ஜானகி மிஸ் ரத்னாவிடம். "தோள்ல சாஞ்சுக்க மட்டும் தெரியுது."

ரத்னா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பின்னலைப் பார்த்தாள். படத்தை நகர்த்தித் தோளைப் பார்த்தாள். திரும்பவும் பின்னலுக்கு வந்தாள்.

அடையாற்றோரத்தில் இருந்த வீடுகளை அரசு இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது, தெருவில் எல்லோரும் பிள்ளைகளை அங்கேயே பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். பாதியில் பள்ளிக்கூடம் மாற்றினால் படிப்பு கெட்டுப்போகும் என்று அப்பாவோடு சண்டை போட்டவள் அம்மா. இருட்டு பிரிவதற்குள் எழுந்து, சோறு கட்டி, தலை வாரி பஸ் ஏற்றிவிடுகிறவள். இங்கேயே ஓங்கி ஓர் அறை விட்டால்கூடத் தேவலை என்று மணிமொழிக்கு இருந்தது.

ரத்னா போனை மேஜைமேல் வைத்தாள்.

"ஆமா மேடம். என் பொண்ணுதான்."

மன்னித்துக்கொள்ளும்படியும் படிப்பை மட்டும் நிறுத்திவிட வேண்டாமென்றும் கும்பிட்டுக் கேட்டாள். ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் ஜானகி மிஸ்.

பஸ் ஸ்டாப் வரை அம்மா முன்னால் நடந்தாள். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பெயர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பட்டினப்பாக்கத்தில் கூட்டம் ஏறியது.

அடையாறு பாலம் ஏறும்போது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"யாருடி அந்தப் பொண்ணு?"

மணிமொழி சட்டென்று திரும்பினாள்.

"பொறந்ததுலேருந்து உன் தலைய நான்தான் வாரிக்கினு கீறேன். உன் முதுகு எனக்குத் தெரியாதா?"

மணிமொழிக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு, அடங்கிய குரலில் சொன்னாள். ஷீலா. அவள் அக்காவின் போனில் ஒரு பையன் அனுப்பிய மெசேஜைப் பார்த்துவிட்டு, காலேஜை நிறுத்தி அந்த மாசமே யாருக்கோ கட்டிவைத்துவிட்டார்கள். இந்தப் படம் அவள் வீட்டுக்குப் போனால் அப்படித்தான் ஆகும். அடி வாங்கிக்கொண்டாவது பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவாள் என்றில்லை, அம்மா. வரவே மாட்டாள்.

ரத்னா கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஆறு கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அவர்கள் வீடு இருந்த கரை இப்போது வெறும் வேலியாக இருந்தது.

பாலம் முடிந்தபோது அவள் பைக்குள் போன் அடித்தது. மணிமொழி எட்டிப் பார்த்தாள். அப்பா. இந்த நேரத்துக்கு அவர் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார், கூப்பிடவே மாட்டார்.

எடுத்ததும் அவருடைய குரல் பக்கத்து சீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது. யாரோ படத்தை அனுப்பியிருக்கிறார்கள். மணிமொழி என்று பெயர் போட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

"சொல்லும்மா, நான் இல்லன்னு," என்று மணிமொழி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

ரத்னா அந்தக் கையைப் பார்த்தாள். போனைப் பொத்திக்கொண்டு, "இல்லன்னா பின்ன யாருன்னு கேப்பாருடி," என்றாள். பிறகு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாய்யா," என்றாள். "நம்ம பொண்ணுதான்."