பதினேழாம் நம்பர் சீட்டு

கப்பலேற்றி அந்த விலைமாதர் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பெண்கள், செவ்வாய்க்குச் செவ்வாய் வெள்ளைக்கார டாக்டரிடம் உடம்பைக் காட்டி, 'நோயில்லை' என்று சீட்டில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை விழுந்த அன்றே பட்டாளத்துக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

அந்தப் பெண்களில் அக்காவும் தங்கையுமாக இருவர் இருந்தார்கள்; பாஷாணம் தின்று செத்த அக்காவைத் தங்கைதான் போன மாதம் குளிப்பாட்டிப் புதைத்தாள். மிச்சப் பாஷாணம் இன்றைக்கு டாக்டர் வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

"பதினேழு!" என்றார் கம்பவுண்டர். அது அக்காவின் நம்பர்.

தலைமுடியெல்லாம் மண்ணாக, அக்கா வரிசையிலிருந்து எழுந்து போனாள். டாக்டர் வழக்கம்போலப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

திரும்பி வந்தவளின் கையைத் தங்கை பிடித்தாள். "நீ எப்படிக்கா இங்க?"

"செத்துப் போன எடத்துலயும் இந்தச் சீட்டைத்தான் கேட்டாங்கடி."

தங்கை முடிச்சை அவிழ்த்துப் பாஷாணத்தைத் தரையில் உதறினாள்.

"பதினெட்டு!"

அவள் எழுந்து போனாள்.