ராசாத்திக்கு அம்மை

"மீனுக்கு அம்மையா?"

தனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அழகரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

அழகர் விளையாடவில்லை. ஸ்டூலில் ஏறி நின்று வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பசறை மலைக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? மொனராகலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி வரவழைத்த வேப்பிலை அது.

"ஒடம்பு பூரா முத்து முத்தாப் போட்டிருக்கு. கண்ணு தெரியலையா?" என்றார்.

முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் ராசாத்தி, கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். தனுஜா ஆசை ஆசையாக வளர்க்கும் மீன்.

"அப்பா, இது வெள்ளப்புள்ளி நோய். மீனுக்கு வர்றதுதான். கல்லுப்பு போட்டா சரியாயிரும்."

"அம்மை கண்ட வீட்ல வைத்தியமா? வாயக் கழுவு. தொட்டிப் பக்கம் யாரும் போகப்படாது."

வீட்டில் கறி கிடையாது, பொரியல் கிடையாது, தாளிப்பும் கிடையாது என்று அடுத்த உத்தரவு வந்தது.

"மீனுக்கு அம்மைன்னா கடுகு என்னங்க குத்தம் பண்ணுச்சு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா விஜயலெட்சுமி கத்தினாள்.

பக்கத்து வீட்டு றம்ஸியா டீச்சர் வந்தார். வேப்பிலையைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்கு சொகமில்ல?"

"மீனுக்கு டீச்சர்" என்றார் அழகர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அவர் தோள் குலுங்குவது கேட் வரைக்கும் தெரிந்தது. தனுஜாவுக்கு மானம் போயிற்று.

"அம்மை எறங்குனா மூணு தண்ணி ஊத்தணுமேப்பா? தண்ணிக்குள்ளயே கெடக்குறதுக்கு எப்படி ஊத்துவீங்க?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அடுத்து அவர் பண்டாரவளைக்குப் போன் எடுத்தார். தனுஜா காதைத் தீட்டிக்கொண்டாள்.

பண்டாரவளையில் இருப்பது அழகரின் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டோடு வருவதாக இருந்தார், தன் மகனுக்குத் தனுஜாவைப் பேசி முடிக்க. தனுஜாவுக்கோ அடுத்த வாரம் பேராதனைக் கெம்பஸில் பட்டப்படிப்பு தொடங்குகிறது. வெற்றிலை மாற்றிவிட்டால் அத்தை அவளைக் கெம்பஸ் வாசலை மிதிக்க விடமாட்டார். அக்கா சொல்லி அழகர் மறுத்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் கடைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுகூடப் பண்டாரவளையில்தான் முடிவானது.

"அக்கா, வீட்ல அம்மை போட்டிருக்கு... இல்லக்கா, மீனுக்கு..."

அத்தை நிச்சயம் திட்டுவார் என்று தனுஜா நினைத்தாள். போனுக்குள் அத்தையின் குரல் பயபக்தியோடு கேட்டது.

"மீனா இருந்தா என்னடா, ஆத்தா ஆத்தாதான். மூணு தண்ணி ஊத்தாம நான் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அக்காவுக்கு ஏற்ற தம்பி! இந்த இரண்டு பேரின் மூடநம்பிக்கைதான் தன்னைக் காப்பாற்றப்போகிறது என்று தனுஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. புள்ளி இருக்கும்வரை அத்தை வரமாட்டார்.

ஆனால் வைத்தியம் பார்க்காவிட்டால் ராசாத்தி பிழைக்காதே?

சாயங்காலம் ராசாத்தி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தனுஜாவால் தாங்க முடியவில்லை. கெம்பஸ் போனால் போகட்டும் என்று அழுதுகொண்டே உப்புப் போத்தலை எடுத்தாள்.

அப்பா கடைக்குப் போகும் நேரமெல்லாம் தொட்டியில் உப்பு விழுந்தது. புள்ளிகள் மங்கின. சனிக்கிழமை ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் ராசாத்தி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்று கைநிறைய உப்போடு முன்னறைக்கு வந்தவள் திடுக்கிட்டு நின்றாள்.

கடையில் இருக்கவேண்டிய அழகர் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கையில என்னப்பா?"

"ஒன் கையில என்ன?"

இரண்டு கைகளும் மெல்ல விரிந்தன. இரண்டிலும் கல்லுப்பு.

"நீயும் போட்டியா? தெனமுமா?"

"நீங்களுமா?"

"அடிப்பாவி! ரெண்டு பேருமாச் சேந்து கருவாடு போடப் பாத்தோமே! நல்ல தண்ணி கொண்டா, ஓடு!"

பாதித் தொட்டியை இறைத்து நல்ல தண்ணீர் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ராசாத்தி நிமிர்ந்தது. வாலை ஒருதரம் சொடுக்கியது. அப்பாவும் மகளும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள்.

"அம்மை வீட்ல வைத்தியம் கூடாதுன்னீங்க?"

"மீனுக்கு எங்கயாச்சும் அம்மை வருமா, கிறுக்குப் புள்ள!"

"அப்ப எதுக்குப்பா வேப்பெல?"

அழகர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அத்தைதான்.

"எப்படிடா இருக்கு? எறங்கிருச்சா? நாளைக்கு வந்திரட்டா?"

ராசாத்தி தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கக்கா எறங்குது? நேத்தவிட இன்னைக்கு அதிகம். இன்னும் ரெண்டு வாரமாவது ஆவும். நீங்க இந்தப் பக்கமே வந்திராதீங்க."

போனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அக்காகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு இந்த வயசுலயும் வாய் வரமாட்டேங்குது. அதான் ஆத்தாள விட்டுச் சொல்ல வச்சேன். நீ போயி கெம்பஸுக்குப் பெட்டியக் கட்டு."