சுண்ணாம்பு எச்சம்

சரணாலயத்துக்குப் பறவைகள் வருவது நின்று பதினொரு வருஷம் ஆகிறது. இப்போது மரத்துக்கு மரம், காலில் எண் பொறித்த எந்திர நாரைகள்தான். பறக்கும், கத்தும், சிறகு கோதும். எச்சம் போடத்தான் துப்பில்லை. அதனால் ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் வந்து இலைகளில் சுண்ணாம்பு தெளித்துவிட்டு, 'இயற்கைக் காவலர்' சான்றிதழோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் கூத்தைப் பார்த்தாலே வேதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வெள்ளையைப் பார்த்து ஏமாந்தாவது ஒரு நிஜப் பறவை இறங்காதா என்று, அவளும் வாராவாரம் வாளியோடு வந்துகொண்டிருந்தாள்.

அன்று ஒருங்கிணைப்பாளர் பிரசன்னகுமார் மரத்தடியில் நின்று, பறவைகளின் மனதை அறிவது எப்படி என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பொத்தென்று அவர் தொப்பியில் வெள்ளையாக என்னவோ விழுந்தது.

"ஏம்மா, சுண்ணாம்பைப் பாத்துத் தெளிக்கக் கூடாதா? அறிவில்ல?"

வேதவல்லி இன்னும் சுண்ணாம்பைக் கரைக்கவே இல்லை. தொப்பியிலிருந்து மீன் வாடை குப்பென்று அடித்தது. அவள் மெதுவாக அண்ணாந்தாள். மேலே, காலில் எண் இல்லாத நாரை ஒன்று.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "கொஞ்ச நேரம் அசையாம அங்கேயே நில்லுங்க."