நான்காவது புள்ளி

மண்டியிட்டபோது அவருடைய முழங்கால் முனகியது. வேனின் எஞ்சின் முனகவில்லை. சுருதி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றார், பழைய வண்டிகள் சங்கச் செயலாளர் அம்மாளிடம்.

வேனுக்குள் அவருக்கு இரண்டடி தொலைவில் அமர்ந்திருந்த நஞ்சப்பன், செயலாளர் வாய் திறக்கும் முன்பே சாவியைத் திருப்பினார்.

ஒன்பது ஆண்டுகளாக இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே தெருவில் எதிரெதிரே மெக்கானிக் பட்டறை. ஊரின் பழைய வண்டிகளெல்லாம் முதலில் அவருடைய வாசலில்தான் நின்றன. நஞ்சப்பன் இந்த வேனை ஓட்டி வந்த நாளிலிருந்து, ஒவ்வொன்றாக எதிர்வாசலுக்குத் திரும்பின.

'அது புது எஞ்சின். ஐம்பது வருடத்து எஞ்சின் இப்படிப் பேசாது.'

என்று அவர் டீக்கடையில் சொன்னார். கல்யாணப் பந்தியில் சொன்னார். ஓர் இழவு வீட்டில்கூடச் சொன்னார். இந்த ஆண்டு சங்கத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டார்.

பழைய வண்டிகளின் அணிவகுப்பு புறப்பட அரைமணி நேரம் இருந்தது. மைதானத்தில் மற்ற வண்டிகள் வரிசைக்கு வந்துவிட்டன. இந்த வேன் மட்டும் வேப்பமரத்தடியில் தனியே நின்றது. வேனின் காலத்து எஞ்சின் என்றால் முன்வரிசை. இல்லையென்றால் வீட்டுக்கு.

யாரை வைத்துப் பார்ப்பது என்று சங்கம் கேட்டதற்கு, நஞ்சப்பன் ஒரே பதில் சொன்னாராம்.

"அண்ணனையே பாக்கச் சொல்லுங்க."

'அண்ணன்' என்ற அந்த ஒரு வார்த்தை, இரண்டு நாட்களாக அவருக்குச் செரிக்கவில்லை.

குயிலின் பாட்டில் பிசகு காண வேண்டுமென்று, ஒரு காகம் அதே மாமரத்தில் ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்ததாம். அந்த ஆண்டு ஒரு பாட்டையும் விடாமல் கேட்ட பறவை அது ஒன்றுதான்.

இரு இருக்கைகளுக்கும் நடுவே இருந்த மூடியைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது.

வார்ப்பு பழையதுதான். ஆனால் அதே வார்ப்பில் பின்னாளிலும் எஞ்சின்கள் வந்ததுண்டு. எண்தான் சாட்சி.

எண் பொறித்த இடம் பக்கவாட்டில், உள்ளொடுங்கி இருந்தது. தலை நுழையாது. கை மட்டும் போகும்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்தார். வெளியே கூடி நின்றவர்களில் ஒரு கிழட்டு டிரைவர் பெருமூச்சு விட்டார்.

"மாமியா மருமக தலையில பேன் பாக்கற மாதிரியல்லொ இருக்குது."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரல்நுனியால் தடவத் தொடங்கினார்.

முதலில் ஓர் எழுத்து. பிறகு ஐந்து இலக்கங்கள்.

எழுத்திலேயே தெரிந்துவிட்டது. வேனின் காலத்து எஞ்சின்தான்.

கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். தோற்றவனின் விரல் சும்மா இருப்பதில்லை. எண்ணுக்குக் கீழே நகர்ந்தது.

ஒரு குழி.

பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

விரல் திரும்பிப் போய், மூன்றையும் மறுபடி தடவியது.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யும் ஒவ்வொரு முறையும், எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி குத்துவது அவருடைய பட்டறை வழக்கம். ஊரில் வேறு எவரும் அப்படிச் செய்வதில்லை.

மூன்று புள்ளிகளுக்கு அப்பால் ஒரு பெருக்கல் குறி. அதுவும் அவருடைய உளி வெட்டியதே. சிலிண்டரின் சுவர் மெலிந்துவிட்டது, இனிக் கடைய இடமில்லை, இதற்கு ஆயுள் முடிந்தது என்று அவர் தீர்ப்பு எழுதிக் காயலான் கடைக்கு அனுப்பிய எஞ்சின்.

உள்ளே புதுச் சுவராக ஸ்லீவ் இறக்கினால் பிழைக்கும் என்று அன்றைக்கே தோன்றியது. பத்து நாள் வேலை. யார் மெனக்கெடுவது என்று விட்டுவிட்டார்.

விரல் அந்தப் பெருக்கல் குறியையும் கடந்தது.

அங்கே நான்காவது புள்ளி இருந்தது.

முதல் மூன்றின் அதே ஆழம். அதே இடைவெளி. குத்திய கை மட்டும் வேறு.

"நம்பர் கெடைச்சுதுங்களா?" என்றார் செயலாளர்.

எண்ணைத் துரு தின்றுவிட்டது என்று சொல்லலாம். அவ்வளவு உள்ளே இன்னொரு கை போகப் போவதில்லை. போனாலும், அந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

நிமிர்ந்து பார்த்தார். இரண்டாமவர் கீழே இறங்கி, முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடியை.

பத்து நாள் பொறுமை. அதைத்தானா இத்தனை காலம் எஞ்சின் என்று எண்ணிப் பொறாமைப்பட்டோம்?

வயிறு இன்னும் எரிந்தது. முன்னைவிட அதிகமாகவே எரிந்தது.

படிவத்தை வாங்கினார். எண்ணை எழுதினார். காலம் என்ற இடத்தில், 'வேனின் காலத்தது' என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில் பேனா நெடுநேரம் நின்றது.

'இதுவரை நான்கு முறை ரீபோர் ஆகியுள்ளது.'

"நாலுன்னு எப்படிங்க தெரியும்?" என்று செயலாளர் வியந்தார்.

அவர் படிவத்தை நீட்டினார். கண்ணாடி துடைத்த கை சற்றே நின்றது.

மூடியை இறக்கி, கொக்கியை மாட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். வரிசையில் வண்டிகள் உறுமத் தொடங்கியிருந்தன.

"ஸ்டார்ட் பண்ணு, நஞ்சப்பா."

வேன் பேசியது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதைத் திருப்பவில்லை.